வேட்டித் திரைக்குப் பின்னால் இரண்டு நாயனங்கள்

என் தம்பி தியாகலிங்கம் நாதஸ்வரம் வாசிப்பவன். வேலணையில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்பதால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அது அவனுடைய மூச்சு. படலையைத் திறந்து அவன் உள்ளே வரும்போதே, அன்றைக்கு எவ்வளவு ஊதியிருக்கிறான் என்று என்னால் சொல்ல முடியும்.

பங்குனி தொடங்கினால் ஆவணி முடியும்வரை அவன் வீட்டில் தங்குவது அருமை. ஒரு கோயிலில் தீர்த்தம் முடிந்த கையோடு அடுத்த கோயிலின் கொடியேற்றத்துக்கு ஓட வேண்டும். புங்குடுதீவுக்கு பஸ்ஸில் போவான். நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து வள்ளம். நெடுந்தீவுப் பயணம் கடல் இடங்கொடுத்தால்தான். படுக்கை கோயில் மடத்தில், சாப்பாடு கிடைத்த நேரத்தில். சுவாமி வெளிவீதி சுற்றும்போது காவுகிறவர்கள் களைத்தால் தோள் மாறுவார்கள். நாயனக்காரனுக்கு மாற்றுத் தோள் இல்லை. பக்கத்தில் ஊதுகிறவர் கொஞ்சம் தாங்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். நாலு வீதியும் அவனுடைய நெஞ்சுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். இதை ஒரு குறையாக அவன் சொல்லி நான் கேட்டதில்லை. தோடியை அவன் எடுத்தால், தேங்காய் உடைக்கக் காத்து நிற்கிறவர்களும் கையை இறக்கிவிட்டு நிற்பார்கள். நான் அதைக் கண்ணால் கண்டவள்.

அவன் கையில் இருந்தது எங்கள் பூட்டனார் காலத்து நாயனம். தஞ்சாவூர்ப் பக்கத்தில், இடித்த ஒரு வீட்டின் ஆச்சா மரத் தூணில் கடைந்தது என்று அப்பா சொல்வார். நூறு வருடத்துக்குக் குறையாது. 1956ஆம் ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தபோது அதைத் தம்பியின் கையில் கொடுத்தார். "இது மரமில்லை, ஒரு குரல். வேறை குழலிலை இந்தக் குரல் வராது" என்று சொல்லித்தான் கொடுத்தார். தம்பி அதை அப்படியே நம்பினான். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஆனால் அந்தக் குழல் களைத்துப் போயிருந்தது. நெடுக்காக ஒரு வெடிப்பு. அதற்கு மெழுகு வைத்துப் பித்தளைப் பூண் போட்டிருந்தது. உள்ளே துளை தேய்ந்து அகன்றிருந்தது. எவ்வளவு காற்றைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு இன்னும் கேட்கும். மற்றக் குழலில் ஒரு மூச்சில் பிடிக்கிறதை இதில் பிடிக்க ஒன்றரை மூச்சு வேண்டும் என்று தவில்காரர் அப்புத்துரை அண்ணை சொல்லுவார்.

எழுபத்தொன்றாம் ஆண்டு மாரியில் தம்பிக்கு நெஞ்சில் நீர் கட்டியது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடத்தி ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வெளிக்கிடும் நாளில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக் காட்டி ஆறுதலாகச் சொன்னார்.

"உம்மடை தொழிலை விடச் சொல்லேல்லை. ஆனா இப்பிடி முக்கி ஊதக்கூடாது. லேசா ஊதக்கூடியது ஏதும் இருந்தால் ஊதும். இன்னொருக்கா நீர் கட்டினால், பிறகு ஊதுறதை நினைக்கவும் ஏலாது."

லேசாக ஊதக்கூடியது ஒன்று இருந்தது. எங்கள் மாமாவின் மகன் தம்பையா, தம்பிக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம் ஊதுகிறவன், அதற்கு முந்திய வருடம் சிதம்பரத்துக்குப் போய்த் தலைமன்னார்க் கப்பலில் திரும்பி வந்தபோது ஒரு புது நாயனம் கொண்டுவந்திருந்தான். பழையதின் நீளம், பழையதின் சுருதி. சுருதிப்பெட்டியை மாற்றத் தேவையில்லை. எண்ணெய் மணம்கூடப் போகவில்லை. அதைத் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பி இரண்டு பிடி ஊதிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"காத்து லேசாத்தான் போகுது. ஆனா உது கத்துது. பழசு கதைக்கும்."

"அப்ப என்ன செய்யப்போறீங்கள் அத்தான்?"

"பழசை ஊத ஏலாதெண்டால் ஊதாமல் இருக்கிறன். கோயில் மனேச்சருக்கு வேறை மேளம் பாக்கச் சொல்லி அனுப்பு."

அதன்பிறகு நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவன் அசையவில்லை. மனைவி இராசேஸ்வரி அழுது பார்த்தாள். எனக்கு இரண்டு பயம். வீம்பில் பழையதைத் தூக்கிக்கொண்டு போய் ஊதி மறுபடி விழுவான் என்பது ஒன்று. சொன்னபடி ஊதாமலே இருந்துவிடுவான் என்பது மற்றது. அந்த இரண்டாவதுதான் எனக்குக் கூடுதலான பயம். மாசி மாதம் முழுதும் அவன் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். சவரம் செய்யவில்லை. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பப் பஞ்சிப்படுவான். தோட்டம் துரவு என்று கையைப் பழக்காதவன். ஊதாவிட்டால் அவன் அந்தக் கதிரையிலேயே முடிந்துபோவான் என்று எனக்குத் தோன்றியது.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் அப்புத்துரை அண்ணை தம்பையாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு தம்பியைச் சீண்டினார்.

"ஏன் காணும், உமக்கு அந்தக் குழலின்ரை குரல் தெரியுமோ, இல்லாட்டி கையிலை பிடிக்கிற பாரம் தெரியுமோ?"

"என்ன அண்ணை பகிடியோ? கண்ணைக் கட்டிப்போட்டு ஊதினாலும் எது எதெண்டு சொல்லுவன்."

"கண்ணைக் கட்டுவானேன்? நிலையிலை ஒரு வேட்டியைக் கட்டினாக் காணும். தம்பையா உள்ளை நிண்டு ஊதட்டும். நீர் பிழையில்லாமல் சொல்லிப்போட்டீரெண்டால் நான் பிறகு வாய் திறக்கேல்லை. பிழைச்சீரோ, கொடியேத்தத்துக்குப் புதுசு."

"சரி. கட்டுங்கோ."

அவன் எழுந்து முகம் கழுவினான். அந்த ஒரு மாதத்தில் அவன் தானாக எழுந்தது அதுதான்.

அறைக் கதவு நிலையில் நான் வேட்டியைக் கட்டினேன். தம்பையா இரண்டு குழல்களோடும் உள்ளே போனான். தம்பி விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அப்புத்துரை அண்ணை நிலை ஓரத்தில், உள்ளும் வெளியும் தெரிகிற மாதிரிக் குந்திக்கொண்டார். குசினியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை வாங்கி மடியில் வைத்திருந்தார். சரிக்கு ஒரு பக்கம், பிழைக்கு மற்றப் பக்கம் வைப்பதாகப் பேச்சு.

தம்பையா தோடியில் ஒரு சின்னப் பிடி எடுத்தான். தம்பி அவனை முடிக்கக்கூட விடவில்லை.

"பழசு."

அண்ணை ஒரு கொட்டையை வைத்தார். அடுத்தது.

"புதுசு. பாருங்கோ, தொண்டை கட்டினவன் மாதிரி."

இன்னொரு கொட்டை. தம்பிக்கு முகம் தெளிந்துகொண்டு வந்தது. பேச்சுக் கூடியது. இந்தப் பிடியில் கீழ்ச் சட்சத்தைக் கேளுங்கோ, அதிலை ஒரு ஈரம் இருக்கு, புதுக் குழலுக்கு அது வர இன்னும் ஐம்பது வருசம் செல்லும் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினான். கொட்டைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்வதை நான் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவன் வென்றால் தோற்பது அவனுடைய நெஞ்சுதானே.

கடைசியில் அண்ணை கையைத் தட்டிவிட்டு எழும்பினார்.

"எல்லாம் ஒரே பக்கம்."

"நான் சொன்னனே."

"ஓம். பிழைப் பக்கம்."

தம்பி கண்ணைத் திறந்தான். அண்ணை சிரிக்கவில்லை. அந்த மனுசன் சிரிக்காமல் இருந்தபடியால்தான் நாங்கள் நம்பினோம். தம்பையா வேட்டியை விலக்கிக்கொண்டு புது நாயனத்தைத் தூக்கியபடி வெளியே வந்தான். வரும்போது அதில் ஏதோ கிலுங்கியது.

தம்பி அதைத்தான் பார்த்தான். நாயனத்தில் ஒரு கொத்துத் தொங்கும். நாணல் சீவாளிகள் மாற்றுக்குச் சில, அவற்றைத் துழாவித் திருத்துகிற தந்த ஊசி, கோயில்களில் கிடைத்த வெள்ளிப் பதக்கங்கள், எல்லாம் ஒரு சங்கிலியில் இருக்கும். வாயில் வைக்கிற சீவாளி இரண்டு குழலுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சோதனை நியாயமில்லை என்று தம்பையா யோசித்திருக்கிறான். சீவாளிகள் பழையதின் கொத்தில் இருந்தபடியால் கொத்தையே கழற்றிப் புதியதில் கட்டிவிட்டான். கொத்தில்லாத குழலைத் தூக்கினால் கைக்கு என்னவோ போல இருக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பழையதை ஊதியபோது சீவாளியை மட்டும் மாற்றிக்கொண்டானே தவிரக் கொத்தை மாற்றவில்லை.

"உந்தக் கொத்தை ஏன் உதிலை கட்டினனீ?"

"சீவாளிக்காக அத்தான். வேறை ஒண்டும் நினைக்கேல்லை."

"அந்தச் சத்தம்தான் என்னை ஏமாத்திப்போட்டுது."

"அப்ப நீர் இவ்வளவு நேரமும் ஈரமெண்டது சங்கிலியையோ?" என்று அண்ணை கேட்டார்.

தம்பி கொத்தைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இன்னொருக்கா ஊது" என்றான்.

இரண்டாம் தடவை அவன் அவசரப்படவில்லை. தலையைச் சரித்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டான். ஒரு பிடி போதாமல் இன்னொன்று ஊதச் சொன்னான். பழசு என்பான், கொஞ்சம் பொறுத்து, இல்லை, புதுசு என்பான். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணையின் முன்னால் கொட்டைகள் இரண்டு குவியலாகச் சேர்ந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். தம்பையாவின் உதடு தடித்துப்போயிற்று. அவன் உள்ளே நின்று, "இன்னும் ஊதட்டோ அத்தான்?" என்று கேட்டபோது தம்பி சொன்னான்:

"வேண்டாம். தெரியேல்லை."

"எனக்குந்தான் தெரியேல்லை" என்றார் அண்ணை. "பாத்துக்கொண்டிருந்தபடியால் தெரிஞ்சுது. நான் இடப்பக்கத்திலை நிண்டு எத்தினை வருசம் அடிச்சனான்."

"அப்பா சொன்னவர்..."

"கொப்பருக்கு ஆரும் வேட்டி கட்டிக் காட்டேல்லையடாப்பா."

தம்பி இரண்டு குழல்களையும் வாங்கினான். நான் தடுக்கப் பார்த்தேன், கையைக் காட்டினான். பழையதை ஒரு பிடி, புதியதை ஒரு பிடி ஊதினான். பழையதை ஊதியபோது கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு இருமினான்.

"வாயிலை வைச்சால் உடனை தெரியுது" என்றான். "மூச்சுக்குத் தெரியுது. காதுக்குத்தான் தெரியேல்லை."

இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப இவ்வளவு காலமும் நான் கூட ஊதின காத்தெல்லாம் எங்கை போனது அக்கா?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அண்ணை ஏதோ தேறுதல் சொல்வதும், "சும்மா இருங்கோ அண்ணை" என்று தம்பி சொல்வதும் கேட்டது.

அவன் பேச்சுத் தவறுகிறவன் அல்ல. எங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்குப் புதியதைக் கொண்டுபோனான். பழையதைப் பட்டுறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தான். கொத்து புதியதில் தொங்கியது. திருவிழா ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொரு நாளும் அவன் வரும்போது நான் படலையடியில் நின்று கேட்டேன். மூச்சு முட்டவில்லை, இருமல் இல்லை.

தேரன்று நானும் போனேன். வெயிலில் வடம் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் அவன் வெறும் மேலோடு, வியர்வை வழிய நின்று தேர் மல்லாரி வாசித்தான். முந்திய வருடம் இரண்டாம் வீதியிலேயே தம்பையாவிடம் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவன், இந்த வருடம் நாலு வீதியும் தானே ஊதினான். அது என் தம்பி. அவனைப் போல ஊத இந்தத் தீவுகளில் ஆள் இல்லை என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தேர் இருப்புக்கு வந்ததும் எங்கள் ஊர் ஆழ்வாப்பிள்ளை, பெரிய தோட்டக்காரர், கிட்ட வந்தார்.

"தியாகலிங்கம், உதுதான் சொல்லுறது. பழைய குழல் பழைய குழல்தான்."

"இது புதுசுங்கோ" என்றான் தம்பி.

"உமக்கு எப்பவும் பகிடி" என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட இருந்தான். இராசேஸ்வரி இரண்டாந்தரம் சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நெஞ்சு வருத்தம் வந்தபிறகு அவன் இரண்டாந்தரம் வாங்கியது அன்றைக்குத்தான். சாப்பிட்ட பின் பாயில் சரிந்தான். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன்.

"எப்பிடிக் கிடக்கு தம்பி நெஞ்சு?"

"லேசாக் கிடக்கு."

"பிறகென்ன."

"அதுதான் அக்கா. முந்தி ஊதி முடிச்சு வந்து விழேக்கை, இண்டைக்கு ஏதோ குடுத்திட்டு வந்தனான் எண்டு இருக்கும். இண்டைக்கும் அப்பிடித்தான் ஊதினனான். சனமும் அப்பிடித்தான் கேட்டது. ஆனா நான் ஒண்டும் குடுக்காத மாதிரிக் கிடக்கு."

"அது பழகிப்போம்."

"பழகும்" என்றான். அவனுக்கு அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. மறுப்பதற்கும் அலுப்பாக இருந்திருக்கும்.

கண்ணை மூடினான். நான் விசிறியை நிறுத்திவிட்டு அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். தடக்கில்லாமல் போய் வந்தது. நித்திரை என்று நினைத்து எழும்பினேன்.

"நாளைக்குத் தீர்த்தம்" என்றான் கண்ணைத் திறக்காமலே. "வெள்ளன எழுப்பிவிடு."