தொடக்கூடாத கம்ப்யூட்டர்

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு தலைமுழுகிய என்னிடம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒப்படைத்தது. அந்தத் துணிச்சலை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

ஒருநாள், வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. ஆபீசில் எத்தனை கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது, கரண்டைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் உடனே இயற்கையைக் காக்கப் புறப்பட்டார். 'தாளை வீணாக்காதீர்' என்று கலரில் நாற்பது தாள் அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அடுத்த மாசம் ஆள் வந்து பாப்பாக. அதுக்குள்ள கரண்டு கொறையணும். கொறையலன்னா நீ வேலைய விட்டுட்டு உங்க ஊரு சேத்தூருக்கு பஸ் ஏறிர வேண்டியதுதான். எதையாச்சும் நோண்டி வேலை நின்னுச்சுன்னாலும் அதே பஸ்ஸுதான்."

ஆக, எப்படிப் பார்த்தாலும் பஸ் தயாராக நின்றது.

மூலையில் பழைய பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வருஷம் முழுக்க அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம், அதற்குக் கீழே 'தொடாதே' என்று ஒரு சீட்டு. சூடாகிறதே என்று அதற்கு மட்டும் தனியாக ஒரு ஏசி. மேனேஜர் தினமும் காலையில் அதன் பின்பக்கம் போய்க் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருவார். கும்பிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் கணக்கு அக்காவிடம் விசாரித்தேன். "கணக்கெல்லாம் நெட்டுக்குப் போயிருச்சே. பொறவு இது என்னத்தைக்கா செய்யுது?"

"எனக்கென்ன தம்பி தெரியும்? நான் சேரும்போதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி, யாரும் அணைக்க மாட்டாக."

"நான் அணைச்சா?"

"உன் வீட்டு விளக்கு அணையும்."

முதலில் அதன் நெட் வயரை மட்டும் உருவிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. திங்கள்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து அதையும் ஏசியையும் அணைத்தேன். பில் போனது, லாரி கிளம்பியது, எந்த வேலையும் நிற்கவில்லை. மேனேஜரும் வழக்கம்போல் பின்பக்கம் குனிந்து நிமிர்ந்துவிட்டுப் போனார், எதையும் கவனிக்கவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கத்தல் கேட்டது. "எவம்லே இதை அணைச்சது?"

"நான்தான் சார். எந்த வேலை சார் நின்னுபோச்சு?"

மேனேஜர் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வெளியே வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், தயிர் உறையவே இல்லையே" என்றார்.

அதுதான் விஷயம். காலையில் உறை ஊற்றிய பாலைக் கம்ப்யூட்டரின் சூட்டில் வைப்பார். மதியம் கட்டித் தயிர். சூடாக்க ஒரு மெஷின், அந்த மெஷினைக் குளிரவைக்க ஒரு ஏசி, இடையில் ஒரு தூக்குத் தயிர்.

"மரியாதையா ஆன் பண்ணுலே."

"பண்ணுதேன் சார். படிவத்துல 'என்ன வேலை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. தயிருன்னு எழுதிரவா? கையெழுத்து நீங்கதான போடணும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் தூக்கை மூடினார்.

"கெடந்துட்டுப் போகுது, விடு."

மறுநாள் காலை என் மேஜைக்கு வந்தார். என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தூக்கை வைத்தார்.

"நான் சாப்புடுத வரைக்கும் இதை அணைச்சே, பஸ்ஸுதான்."

இப்போதெல்லாம் அவர் சாப்பிட்டு எழுந்ததும், "தயிர் கட்டியா இருந்துச்சா சார்?" என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேலை இருக்கிறதா என்பதை இதைவிட நயமாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.