கழித்துவிட்ட மேற்கோள்கள்

டீச்சரின் கட்டுரைப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆய்வகத்தில் எதற்கும் அட்டவணை போடுகிறவள் நான்தான். டீச்சர் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர், பாலக்காட்டுக்காரர். யானைக்கால் புழு ஒருவர் உடம்பில் வருடக்கணக்காகக் குடியிருந்தும் எதிர்ப்புச் செல்கள் ஏன் அதைச் சும்மா விடுகின்றன என்பதுதான் இருபது வருடமாக அவருடைய கேள்வி. இப்போது பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். கிடைத்தால்தான் தனி ஆய்வகம், புதிய மாணவர்கள் எல்லாம்.

சனிக்கிழமைகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்தோம். பக்கத்திலேயே கொச்சங்காடியில் என் வீடு, நடந்தே போய்விடுவேன். கீழே கிடங்கில் சுக்குத் தூசி பறக்கும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்.

என் அட்டவணையில் ஏழு பத்திகள்: தலைப்பு, ஆண்டு, இதழ், உடன் எழுதியவர்கள், டீச்சரின் பங்கு, பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, குறிப்பு. நிரப்ப நிரப்ப எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. மாணவர்கள் செய்த வேலைக்கெல்லாம் மாணவர் பெயரே முதலில் இருந்தது. வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்த சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர் சொல்லி நன்றி. ஒரு வருடம் மட்டும் காலியாகக் கிடந்தது. கேட்டேன். அந்த வருடம் முழுக்கப் பழைய மாதிரிகளைத் திரும்பச் சோதித்ததாகச் சொன்னார்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற கட்டுரையால் வந்த வேலை அது. அதில் அவர் எண்ணியிருந்த ஒருவகைச் செல்களில் பெரும்பகுதி செத்த செல்கள். செல்களை வகை பிரிக்கப் போடும் எந்தச் சாயத்தையும் செத்த செல் பிடித்துக்கொள்ளும். கவனிக்காவிட்டால் கருவி அதையும் உயிருள்ளதாக எண்ணிவிடும். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. டீச்சர் அவளைக் குறை சொல்லாமல் தானே செய்து பார்த்தார். தவறு தன்னுடையது என்று இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்.

அதற்குப் பிறகும் பலர் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். டீச்சருடைய மொத்த மேற்கோள்களில் கால்வாசி அந்த ஒரு கட்டுரைக்குத்தான். விண்ணப்பப் படிவம் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்டது. அந்தக் கட்டுரையைச் சேர்த்தால் தாண்டிவிடலாம், கழித்தால் முடியாது. இணையத் தரவுத்தளம் சேர்த்துத்தான் காட்டியது. அதை அப்படியே எழுதினால் பொய் ஆகாது என்று டீச்சரிடம் சொன்னேன்.

"மோளே, தப்புன்னு சொன்னதே நான்தானே. இப்போ அதையே கொண்டுபோயி எனக்கு மார்க்கு போடுங்கன்னு கேக்கறதா?"

"எல்லாரும் அப்படித்தான் டீச்சர் எழுதறாங்க."

"எல்லாரும் செத்த செல்லை எண்ணலையே" என்று சிரித்தார்.

பிறகு மடிக்கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார். அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் அவருக்கு மின்னஞ்சலில் தகவல் வரும். உடனே அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்: என் முடிவு தவறு, அதை நம்பி வேலை செய்ய வேண்டாம். இப்படியே வருடக்கணக்காக எழுதியிருக்கிறார். பலர் பதிலே போடவில்லை. ஒருவர் எரிச்சலாக எழுதியிருந்தார். சோதனைகளைத் தொடங்க இருந்த வாரத்தில் கடிதம் கிடைத்ததாக எங்கோ ஒரு ஆராய்ச்சி மாணவர் நன்றி சொல்லியிருந்தார். தன் மேற்கோள்களைக் குறைத்துக்கொள்ள இவ்வளவு உழைத்த இன்னொருவரை எனக்குத் தெரியாது. என் ஏழு பத்திகளில் இதை எழுத இடம் இல்லை.

கழித்த எண்ணையே எழுதினோம். கட்டுரையைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு அதற்குரிய வருடத்தில் அது இருந்தது.

நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். மற்ற எண்ணை எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்டார். கிடைத்திருக்கும் என்றேன்.

"பின்னே அவங்களுக்குக் கிட்டலேன்னு சொல்லாதே. அவங்கதான் வேண்டாம்னு வெச்சாங்க."

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போகும்போது போர்ட் கொச்சிப் படகில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடித்தான் இருந்தது. படிவம் கேட்ட எண்ணிக்கைக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நல்ல கட்டுரைகள் வந்தால் சில வருடங்களில் சரியாகிவிடும் என்றார். கரை வருவதற்குள் எந்தச் சோதனையை முதலில் முடிப்பது என்று பேச ஆரம்பித்திருந்தோம்.