ஹெப்சிபாவின் நோட்டில் முப்பத்தேழு வரிகள்

ராஜபாளையத்தில் எது கெட்டாலும் முதல் பழி கரண்டின் தலையில்தான் விழும். மாவு அரைபடவில்லையா, கரண்ட். மோட்டார் புகைந்ததா, கரண்ட். சுற்றிலும் மில்கள், ஷிப்ட் ஏறினால் வோல்டேஜ் இறங்கும். அதனால் பெரும்பாலும் பழி சரியாகவும் இருந்துவிடும். வினையே அதுதான்.

ஹெப்சிபா, திருவில்லிபுத்தூர் சாலையில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. வயது நாற்பத்தொன்று. வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருடமாக பிஎச்.டி. செய்துவந்தாள். லட்சக்கணக்கான புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். எந்தெந்தப் புள்ளிகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்ல வேண்டும். வேலையை ஆயிரம் பங்காகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய வைத்தாள் அவள். ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுவதைவிடப் பதினோரு மடங்கு வேகம் கிடைத்தது. அந்தப் பதினோரு மடங்குதான் அவள் தீசிஸ். பட்டம் வராவிட்டால் ஜூனில் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகமும் இதுதான் கடைசி நீட்டிப்பு என்று தேதி குறித்திருந்தது.

லேபில் புரோகிராமை ஓட்டும் ஒவ்வொரு தடவையையும் ஒரு நீள நோட்டில் ஒரு வரியாக எழுதுவாள். எப்போதாவது விடை, ஒவ்வொன்றாக எண்ணி வைத்த கணக்கிலிருந்து ஒன்றிரண்டு பிசகி வரும். நிமிர்ந்து பார்த்தால் லைட்டும் கொஞ்சம் மங்கினாற்போல்தான் இருக்கும். அந்த வரியை அடித்து, ஓரத்தில் ‘கரண்ட்’ என்று எழுதிவிட்டு மறுபடி ஓட்டுவாள். விடை சரியாக வந்துவிடும். இதில் துளிக் கள்ளமும் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

பைண்டிங்குக்குக் கொடுக்க ஒரு வாரம் இருக்கையில், அவளுடைய கைடு ஆவுடையப்பன், எதற்கும் பெங்களூரில் உள்ள ஒரு பெரிய கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இங்கே உட்கார்ந்தபடியே அதை இயக்கலாம். அங்கே வோல்டேஜ் இறங்குவதில்லை. ஆயிரம் தடவை ஓட்டினாள். முப்பத்தொரு தடவை விடை தப்பு.

பழைய நோட்டை எடுத்து, அடித்த வரிகளை எண்ணினாள். ஆயிரத்து இருநூறில் முப்பத்தேழு. அதே விகிதம். தப்பு கரண்டில் இல்லை, அவள் புரோகிராம் எழுதிய முறையில் இருந்தது. ஆயிரம் வேலையும் ஒன்றாக நடக்கும்போது, எப்போதாவது இரண்டு ஒரே இடத்தில் எழுதப் போய், ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் எட்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி மாற்றினாள். விடை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் காத்திருந்து காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுவதைவிட மெதுவாகப் போனது. மூன்று நாள் என்னென்னவோ செய்து பார்த்தாள். பதினோரு மடங்கு என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை.

ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறவர், அவ்வளவுதான்.

“கரண்டுன்னு எழுதியாச்சுல்லாம்மா, அப்படியே இருக்கட்டும். எக்ஸாமினர் என்ன, ஆயிரம் தடவையா ஓட்டப் போறாரு?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்.”

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அன்றைக்கும் அவள் மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு எடுத்தாள்.

வீட்டில் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. கணவன் எட்வின் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் சூப்பர்வைசர். எட்டு வருடமாகச் சனிக்கிழமைச் சமையல் அவனுடையது, அவள் படிக்க வேண்டும் என்பதற்காக. சர்ச்சில் பாதிப் பேரிடம் ‘டாக்டர் ஹெப்சிபா’ என்று இப்போதே சொல்லி வைத்திருந்தான். மறுநாள் மத்தியானம், சோற்றில் கை வைக்காமல் இருந்தவள் மெல்ல, தீசிஸ் கொடுக்கவில்லை, இனிக் கொடுக்கவும் முடியாது என்றாள்.

கரண்டியும் கையுமாக அப்படியே நின்றான் எட்வின். “எதுனாலட்டி போச்சு?”

எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கரண்டுதாங்க.”

“நாசமாப் போற கரண்டு” என்று அவன் மில்களையும் ஊரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தான். பிறகு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான். முப்பத்தேழு தடவையும் அவள் தெரியாமல் எழுதினாள். இதைத் தெரிந்தே சொன்னாள்.