டிவிக்குப் புரியாத சத்தம்

ஜூலை 6, ஞாயிறு. காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன், பஃபலோ ரோட்டில் கீரை, பிறகு பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ. வீட்டுக்கு வந்து துணி காயப்போட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மதியம் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு, பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தங்கை மாலதி வீட்டுக்குக் கிளம்பினேன். இரவு அங்கேதான் தங்கல்.

மறுநாள் அவள் மகன் அருள் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், சேர்கிறான். பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகேற வேண்டும்.

"போறதுக்கு முன்னாடி அப்பா பேசுறதை ஒரு தடவை கேக்கணும் மாமா" என்று கேட்டிருந்தான்.

அவன் அப்பா, அதாவது என் மச்சான், காலமானபோது அருள் கைக்குழந்தை. போட்டோக்கள் நிறைய உண்டு. குரல்? பழைய வீடியோ கேசட்டுகளில் மட்டும்தான். கேமரா எப்போதோ பழுதாகிவிட்டதால் அவை அலமாரியிலேயே கிடந்தன.

வேறொரு கேமராவை இரவல் வாங்கி, அவற்றைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றேன். என்னைத் தெரிந்த வாசகர்கள் மீதியை ஊகித்திருப்பீர்கள்... எந்த ஃபார்மட் சிறந்தது என்று வாரக்கணக்கில் படித்தேன். எம்பி4-ஐ எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் — அதனாலேயே எனக்கு இளக்காரம்! எம்கேவி-யைத் தேர்ந்தெடுத்தேன். சத்தத்தில் துளியும் குறையக்கூடாது என்று அதற்கு ஃப்ளாக் என்ற ஒலி ஃபார்மட். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. வேறெதிலாவது ஓட்டிப் பார்த்தேனா? இல்லை.

மாலை மூவரும் டிவி முன் உட்கார்ந்தோம். லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாகப் படம் போனது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. மச்சான் கோழி இறக்கைகளைத் தணலில் வாட்டிக்கொண்டே ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது.

சத்தம் இல்லை.

"வால்யூம் வைங்க மாமா."

வைத்தேன். முழுதாக வைத்தேன். 'இந்த ஒலி வகையை இயக்க முடியாது' என்றது டிவி.

"என்ன அண்ணே, இத்தனை வாரமா ஊமைப் படமா எடுத்தீங்க?" என்றாள் மாலதி.

"பெஸ்ட் குவாலிட்டிம்மா..."

"யாருக்கு? உங்க லேப்டாப்புக்கா?"

"லேப்டாப்பில் கேட்கும். இங்கேயே போடட்டுமா?" என்றேன் அருளிடம். அவன் தலையாட்டி மறுத்தான்.

"வேணாம் மாமா. நான் கேம்ப் போனப்புறம் அம்மா தனியா இருப்பாங்க. அவங்க போட்டுப் பாக்கணும்னா டிவில வரணும் லா."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

வீடியோ கோப்பு ஒரு டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் சத்தம். சத்த அடுக்கில் இருந்தது அந்த டிவிக்குப் பழக்கமில்லாத பண்டம். படத்தைத் தொடாமல், சத்தத்தை மட்டும் எல்லா டிவிக்கும் தெரிந்த ஏஏசி-யாக மாற்றி, எம்பி4 கேரியரில் அடைத்தேன். மாலதி தேநீர் போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்தது. எம்கேவி பத்திரமாக என்னிடம் இருக்கட்டும். பார்ப்பதற்கு இது என்று ஒரு பென் டிரைவில் ஏற்றி டிவியிலேயே செருகினேன்.

மறுபடி கடற்கரை.

"டேய் அருள், மணலைத் தின்னாதே லா! மாலதி, இவனைப் பாரு!"

அருள் சிரித்தான். சட்டென்று நிறுத்தினான்.

"அம்மா... இது என் குரல்மா."

"உனக்குக் குரல் உடைஞ்சப்பவே எனக்குத் தெரியும்டா."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லி, நீ என் முன்னாடி பேசவே கூச்சப்பட்டா?"

டிவி பேசிக்கொண்டே இருந்தது — நல்ல சத்தமாக.

சிறந்த ஃபார்மட் எது என்று இணையத்தில் இன்னும் சண்டை போடுகிறார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் கேட்டிருந்தால் எனக்கு அத்தனை வாரம் மிச்சம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ரிமோட்டை மாலதி கையில் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொண்டேன். ஒருமுறை தப்பான பட்டனை அழுத்தினாள். அடுத்த முறை கடற்கரை வந்தது, சத்தத்தோடு. அப்புறம்தான் படகுத்துறைக்குக் கிளம்பினோம்.