பாறைக்குப் பின்னால் புதைத்த அரிசி

எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு வெளியே போக ஒரே கேட்தான். விடியும்போது அதைத் திறப்பார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிற பால்வெட்டுக்குப் போகிறவர்களும், மலாக்கா டவுன் பள்ளிக்கு பஸ் பிடிக்கப் போகிற நானும் ஒரே வரிசையில் நிற்போம். காவல் நிற்கிற போலீஸ்காரர்கள் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். அவள் எங்கள் கொண்டையை அவிழ்த்து விரலை விட்டுப் பார்ப்பாள். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது. போனால், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று அர்த்தம். பசியாற எதுவும் கொண்டுபோக முடியாமல் அம்மா மத்தியானம்வரை வெறும் தண்ணீரோடு பால் வெட்டினாள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

அந்த வரிசையில்தான் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருந்தது. ஆகாயத்தில் போகும் கப்பல் ஒன்று வேறொரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அங்கே காற்று நெருப்பாக இருக்கும். தலையில் மாட்டிய கண்ணாடிக் கூண்டைக் கழற்றினால் செத்துப்போவான். மண்ணுக்குள் கண்ணில்லாத பிராணிகள் இருக்கின்றன. காலடி அதிர்ந்தால் மேலே வந்துவிடும். அவன் பாறைக்குப் பாறை தாவியே நடக்கவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்ல என்னால் முடிந்தது. அது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா மடக்கினாள். "அவன் என்னா சாப்புடுறான்?"

"மாத்திரை. ஒண்ணு போட்டா ஒரு நாளைக்குப் பசிக்காது."

"மாத்திரய தின்னுட்டு எவனாச்சும் பாறை மேல குதிப்பானா? படிச்ச புள்ள, எங்கள ஏமாத்துறா பாரு."

பின்னால் நின்ற சின்னம்மா, "அந்த மாத்திரைய நம்ம தொரைகிட்ட சொல்லிடாத. நமக்கும் அதையே குடுத்துருவான்," என்றாள். வரிசையில் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், "வேற ஏதாச்சும் இருக்கும். நல்லாப் பாரு," என்றாள்.

மறுநாள் நான் மாத்திரையை எடுத்துவிட்டேன். முன்னால் வந்த வேறு கப்பல்காரர்கள் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் அரிசி மூட்டையைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவன் அதைத் தேடிப் போகிறான் என்று சொன்னேன். உடனே எல்லோரும் கிட்டே வந்தார்கள். எவ்வளவு அரிசி, நனைந்திருக்காதா, அடுப்புக்கு என்ன செய்வான் என்றார்கள். பாறை எவ்வளவு பெரிசு என்று அக்கா கேட்டாள். அம்மா பால்வெட்டும் மர வரிசையான அவள் நிரையின் கடைசியில் காட்டோரமாக ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். "அந்தப் பாறை அளவு" என்றேன். அவர்களுக்குப் புரிந்தது. கொண்டையை அவிழ்க்கும்போதும், வாளியைக் கவிழ்க்கும்போதும் அவர்கள் முகம் என் பக்கமே இருந்தது.

அந்த வாரத்திலேயே சிப்பாய்கள் லாரியில் வந்து வெள்ளைப் பாறையைச் சுற்றித் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அது அம்மாவின் நிரை. அதனால் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் பால்வாளி கிடந்தது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார் போய்ச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அம்மாவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அம்மா பிறந்தது இங்கேதான். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டேன். காலையில் அதையே போட்டுக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அப்பாவோடு டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்திருந்தார். "நீ வாயத் தொறக்காத பொண்ணு, நான் பேசிக்கிறேன்," என்றார்.

"நானே பேசிக்கிறேன் சார்," என்றேன். வெள்ளைக்கார அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இதில் அரிசி எங்கே?"

"இல்லை. மாத்திரைதான் இருக்கிறது. அரிசி நான் சேர்த்தது."

"ஏன்?"

"மாத்திரையை அவர்கள் நம்பவில்லை."

"பாறை?"

"அளவு சொல்வதற்காக."

அவர் ஒரு காகிதத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஏதோ எழுதினார். புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். கேட்டில் கூட்டம் சேர்த்துக் கதை சொல்லக்கூடாது என்றார். என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

சாயங்காலம் அம்மாவை விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.  பஸ் நிற்கும் இடத்தில் மூன்று பேரும் நின்றோம். அம்மா சேலை முந்தானையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னமா கேட்டாங்க?"

"அரிசி எங்கன்னு கேட்டாங்க. அது கதைன்னு சொன்னேன். சரி, கதைய சொல்லுன்னாங்க. நீ சொன்ன மாதிரியே சொன்னேன். கண்ணாடி மாட்டிக்கிறது, பாறை மேல தாவுறது, எல்லாம்."

"அப்புறம்?"

"எந்த ஊர்ல நடந்துச்சுன்னு கேட்டான் தமிழ் போலீஸ். மேலன்னு கையக் காட்டுனேன். அதுக்குத்தான் அறைஞ்சான்."

அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "வேற எங்கன்னு சொல்றது? நீ மேலன்னுதானே சொன்ன," என்றாள்.

ஆமாம் என்றேன். அந்த அறையில் நான் ஆங்கிலம் பேசியபோது யாரும் என் மேல் கை வைக்கவில்லை. அதே கதையை அம்மா தமிழில் சொல்லியிருக்கிறாள், ஒரு தமிழனிடம். இதை அப்போது யோசித்தேனா, பிறகு யோசித்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் அம்மாவை உட்காரவைத்தோம். தோட்டத்தில் இறங்கியபோது ஊரடங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கேட்டில் அம்மாவின் கைகளை விரித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் காட்டினாள். உள்ளே விட்டார்கள்.