மயிலை யாரும் பார்க்கவில்லை

டர்பன்டைன் நெடி, ஆட்டோப் புகை, முதுகைச் சுடுகிற வெயில்... திருப்பதியில் ஒரு மதில்சுவரில் நான் மயில் வரைந்த நாட்கள் அவை. ஃபைன் ஆர்ட்ஸ் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை.

எங்கள் வீடு நகரியில். ஒரே கூரைக்குக் கீழே நாங்களும் பவர்லூம்களும். உப்பு கேட்பதென்றாலும் கத்த வேண்டும். கரண்ட் போனாலும் எங்கள் குரல் இறங்காது, அதே சத்தத்தில்தான் பேசிக்கொண்டிருப்போம்.

அந்தத் தொண்டையோடு, மெதுவாக முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, நானே கட்டிய பாட்டுகளைச் சுவரைப் பார்த்துப் பாடியிருக்கிறேன். திரும்பினால் கூட்டம்.

ஒருத்தராவது மயிலைப் பார்க்க வேண்டுமே... ம்ஹூம். பழம் விற்கிற அம்மா ஈரத் தோகையிலேயே சாய்ந்து நின்றுகொண்டு, "ஏம்மா நிறுத்திக்கின? பாடு, பாகுந்தி, நல்லா கீது" என்றார். பாதித் தோகை அவர் புடவையோடு போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அந்த அம்மாதான் தன் தெரு அம்மன் ஜாத்திரையில் என்னைப் பாட வைத்தார். அதற்கப்புறம் அடுத்த தெரு, ரேணிகுண்டா, சித்தூர்... பிரஷ் காய்ந்தே போனது.

நைனாவுக்கு நான் டிராயிங் டீச்சர் ஆக வேண்டும். "படம் போடப் படிச்சிட்டு பாட்டு பாடிக்கினு கீற" என்றவர், என் பாட்டைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. ஊரெல்லாம் கேட்கிறது, பெற்றவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்கக் கூடாதா? எத்தனை வருஷம் பொருமியிருப்பேன்.

இப்போது ஏசி ஸ்டூடியோவில் ரெக்கார்டிங். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "மேடம், கொஞ்சம் மெதுவா" என்று வேறு படுத்துகிறார்கள்.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். தறி தடதடவென்று ஓடுகிறது, அதன் மேலேயே நைனாவின் போனில் என் புதுப் பாட்டும் ஓடுகிறது. ஒரு வரிகூடப் புரியவில்லை.

"தறிய நிறுத்திட்டாவது கேளேன் நைனா" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது.

அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்திட்டும் கேட்டேன். உன் பாட்டு எல்லாத்தையும் அப்டித்தான் மொதல்ல கேக்கறது. இன்னாவோ கொறயுது. தறி ஓடிக்கினு இருந்தாத்தான் நல்லா கீது."

எல்லாத்தையுமா...

அன்றைக்கு ரோட்டில் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவில் நின்று பாடியபோது எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஸ்டூடியோவில் ஒவ்வொரு தடவையும் என்னவோ குறைகிறது என்று எனக்கும் தெரியும். என்னவென்றுதான் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.