மழையை நம்பி வாங்கிய மலை

மழை பெய்தால் சுரங்கக் கம்பெனியின் பங்கு விலை ஏறும் என்று நம்பியவன் நான். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மரக்காணத்தில் பிறந்து வளர்ந்த அறிவை வைத்து நானாகவே கண்டுபிடித்தேன். இங்கே உப்பளத்தில் மழை விழுந்தால் உப்பு எடுப்பது நின்றுவிடும். எடுப்பது நின்றால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் விலை ஏறும். பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. வடக்கே ஒரு மலைப்பகுதியில் கனமழை, அங்குள்ள இரும்புத்தாதுச் சுரங்கங்களில் வேலை பாதிக்கப்படலாம் என்று ஓர் ஆடி மாதக் காலையில் போனில் செய்தி வந்தது. உலகத்தில் வேறு எவனுக்கும் கிடைக்காத துப்பு எனக்கு மட்டும் கிடைத்துவிட்டதாக நினைத்து எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஷூ கம்பெனி வேலையை விட்டு நின்றபோது வந்த பி.எஃப். பணம் அப்போது பேங்கில் கிடந்தது. அதில் மாவு அரைக்கிற பெரிய டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பிடித்து, இட்லி மாவு விற்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. தீபாவளிக்குப் பிறகுதான் கடை காலியாகும் என்று கடையின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை பணம் சும்மாதானே கிடக்கிறது என்றேன். அவளும் உப்பளத்துக்காரர் மகள்தான். “மழைன்னா ஏறத்தானே செய்யும்” என்று அவளும் சொல்லிவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு மேதைகள். முழுப் பணத்துக்கும் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினோம்.

வாங்கிய மறுநாள் கொஞ்சம் இறங்கியது. ஏறுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மறுநாளும் செருமியது. அந்த வாரம் முடிவதற்குள் அதற்குக் காசநோயே வந்துவிட்டது. திண்டிவனம் சாலையில் இருக்கிற எடைமேடையில் உப்பு லாரிகளுக்கு எடை போடுவதுதான் என் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பதால்தான் இறங்குகிறதோ என்று சந்தேகம் வந்து போனை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். பூட்டியதும், நாதியற்றுக் கிடக்கிறதே, இன்னும் வேகமாக இறங்குமே என்று பதறிப்போய்த் திறந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தது அந்த வாரம்தான். “ஏம்பா, வண்டிய எடை போடுறியா, இல்ல போனுக்கு மந்திரிக்கிறியா?” என்று ஒரு டிரைவர் கேட்டார். மந்திரித்தால் ஏறும் என்றால் அதையும் செய்திருப்பேன்.

அந்த நேரத்தில்தான் பாய் வந்தார். கூனிமேட்டுக்காரர், உப்பு வியாபாரி. வாலிபத்தில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே தொழில் தொடங்கியவர். போன வருடம் மவுத்தாகி எங்களை விட்டுப் போனார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவர் உப்பு வாங்குகிற விதம்தான். மற்ற வியாபாரிகள் மழைக்காலம் தொடங்கும் முன்பே அளத்துக்கு வந்து பேரம் பேசுவார்கள். பாய் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில்தான் வருவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு, பனையோலை மூடிய குவியல்களில் எது நனையாமல் தப்பித்தது என்று ஓலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடப்பார். தப்பித்த குவியலுக்கு அவர் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. கேட்ட விலையைக் கொடுப்பார். அன்றைக்கு மேடைக்குப் பக்கத்து அறையில் வந்து உட்கார்ந்தவர், “இன்னாடா மூஞ்சி, ஊறப்போட்ட நார்த்தங்கா மாதிரி இருக்குது?” என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். டீயைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“நீ வாங்குனது அம்பாரமா, பாத்தியா?”

எனக்கு விளங்கவில்லை. “மழைக்கு முன்னாடி வாரிக் குவிச்சி மூடி வச்சிருக்கான் பாரு, அது அம்பாரம். அவனுக்குத்தான் மழை காசு. உப்பு வெளையிற பாத்தி வச்சிருக்கிறவன் முழுகிப்போயி, நனைஞ்சிக்கினு நிப்பான். சுரங்கத்த வாங்குனா நீ பாத்தியத்தான்டா வாங்கியிருக்கிற.”

உப்புக் காற்றிலேயே வளர்ந்தவன் நான். குவியலுக்கும் பாத்திக்கும் வித்தியாசம் தெரியாமல் பணத்தைப் போட்டிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறொரு பக்கம் தாவினேன். மழை கிடக்கட்டும் பாய், எங்கோ ஒரு நாட்டில் இரும்பு உருக்குகிற ஆலைகள் தாது வாங்குவதைக் குறைத்துவிட்டனவாம். அதனால் தாதுவின் விலை நூற்றுக்கு மூன்று, நான்கு ரூபாய்தான் இறங்கியிருக்கிறது. என் பங்கு மட்டும் ஏன் அதைப்போலப் பல மடங்கு இறங்க வேண்டும் என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியாதுப்பா. நசீபு, தலையெழுத்துன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவேன்” என்றார்.

அப்போது ஒரு லாரி மேடையில் ஏறியது. பெரிய வண்டி, கொஞ்சம் சரக்கு. வண்டியும் சரக்குமாகப் பதினொரு டன். காலி வண்டி பத்து டன். ஆக உப்பு ஒரே டன். அதில் பாதி மூட்டைகள் ஈரமாக இருக்கின்றன என்று டிரைவர் சண்டை பிடித்து அங்கேயே இறக்கிவிட்டு மறுபடி எடை போடச் சொன்னார். பத்தரை. திரையில் இருந்த எண் ஏதோ கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். ஆனால் உப்பில் பாதி போய்விட்டிருந்தது. நான் ரசீது போடாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீசல், கூலி, எந்திரம், பேங்க் வட்டி என்று கம்பெனிக்கு ஆகிற செலவெல்லாம் காலி வண்டி. விலை இறங்கினாலும் அந்த எடை குறையாது. தாது விற்கிற விலை மொத்த எடை. மிச்சமாகிற லாபம்தான் உள்ளே இருக்கிற உப்பு. பங்கு வாங்குகிறவன் அந்த உப்புக்குத்தான் விலை சொல்கிறான். மொத்தத்தில் துளி அசைந்தால் உள்ளே பாதி காணாமல் போகிறது. துளி ஏறினால் அதேபோல ஒன்றரை மடங்காகவும் ஆகிறது. நாள் முழுக்க என் கண்ணெதிரே நடக்கிற காரியம், இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

பாயிடம் சொன்னேன். எழுந்து வந்து திரையைப் பார்த்தார், வெளியே அடுக்கியிருந்த ஈர மூட்டைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் துறைமுகக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கப்பல் துறையில் இரும்புத்தாதுவை மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்களாம், செக்கச்செவேலென்று. ஒரு கப்பல் வந்து நிற்கும். பட்டை பட்டையாக ஓடுகிற ரப்பர் பாதையில் மலை நகர்ந்து கப்பலுக்குள் போகும். வேலை முடிந்து போய்த் தூங்கி எழுந்து வந்தால் மலை இருந்த இடம் வெறும் தரை. சில நாளில் அதே இடத்தில் இன்னொரு மலை. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் அவர் உடுப்புகளில் அந்தச் சிவப்பு போகவே இல்லையாம். “எங்கருந்து வருது, எங்க போவுதுன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அவனவனும் அதுக்கு ஒரு விலை சொல்லுவான்” என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் போனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. எங்கோ ஒரு நகரத்தில் ஒருவன் கட்ட இருந்த கட்டடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுகிறான். இன்னொரு இடத்தில் ஓர் உலை அணைகிறது. நடுக்கடலில் ஒரு கப்பல் இடம் கிடைக்காமல் காத்து நிற்கிறது. வரி ஏறப்போவதாக எவனோ ஒருவன் கிளப்பிவிடுகிறான். இன்னும் வெட்டாமல் மலைக்குள் கிடக்கிற தாது வருகிற பல வருடங்களில் என்ன விலைக்குப் போகும் என்று, அந்த மலையைக் கண்ணால் காணாத லட்சக்கணக்கான பேர் ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள். அத்தனை பேருடைய ஆசையும் பயமும் சேர்ந்து ஓர் எண்ணாகி, மரக்காணத்தில் திருப்பிப் போட்ட சட்டையோடு நிற்கிற என் உள்ளங்கையில் வந்து நடுங்குகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலை முதல்முதலாகப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்களே, அப்படி நின்றேன்.

புரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். போகவில்லை. அதுவரை காரணம் தெரியாமல் பயந்தேன், அதற்குப் பிறகு காரணத்தோடு பயந்தேன். விற்றுவிடவா, வைத்திருக்கவா என்று பாயைக் கேட்டேன். “நான் சொல்ல மாட்டேன்டா. உன் பொண்டாட்டி காசு, அவளக் கேளு” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் லாரி, காலி எடை, செம்மலை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். “கிரைண்டர் காசு ஆடக்கூடாது, இப்பவே வாங்கிடணும், அந்த அளவுக்கு எடுத்துடு. கடைக்கு இன்னும் நாள் இருக்குது. அந்தப் பணம் கெடக்கட்டும், ஆடுனா ஆடட்டும்” என்றாள். மறுநாள் பாதிப் பங்குகளை விற்றேன். பங்குகளின் எண்ணிக்கையை இரண்டு தடவை தப்பாகப் போட்டு அழித்தேன். வந்த பணத்துக்குப் பெரிய கிரைண்டர் கிடைக்கவில்லை. அடுத்த சைஸ்தான் வாங்க முடிந்தது.

சில வாரம் கழித்துக் கம்பெனியே ஓர் அறிக்கை விட்டது. மழை பெய்தது மலைக்கு அந்தப் பக்கம், எங்கள் சுரங்கத்தில் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை என்று. பாயிடம் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. “பெய்யாத மழைக்காடா நாம ரெண்டு பேரும் பாத்தி, அம்பாரம்னு பேசினு இருந்தோம்?” என்றார்.

மீதிப் பங்குகள் இன்னும் இறங்கின. புரட்டாசியில் நான் ஒரு சுற்று இளைத்தேன். பிறகு ஏறின. கடை காலியான வாரத்தில் வாங்கிய விலைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றன. அன்றே விற்று அட்வான்ஸ் கொடுத்தோம். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பங்கு நாங்கள் வாங்கிய விலையைத் தாண்டிப் போயிற்று. கடை நன்றாக ஓடுகிறது. கிரைண்டர் மட்டும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாவு காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.